உடம்பைக் காட்டவே இல்லையே, மிஸ்!

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் தொடக்க, நடுநிலை, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் பின்வரிசையில் இரண்டு மூன்று பேர் சிரித்தீர்கள். சிரிக்கலாம். பத்து ஆண்டுகளுக்கு முன்னால் யாராவது இதைப் பேச வந்திருந்தால் நானும் அங்கேதான் உட்கார்ந்து சிரித்திருப்பேன். வகுப்பறைக்குள் சீரியல் கதை பேசக்கூடாது என்று சட்டம் போட்டவள் நான். மீறியவர்கள் எழுந்து நிற்க வேண்டும்.

2022 ஜூலை மாதம். ஏழாம் வகுப்பு, தமிழ்ப் பாடவேளை. கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால், மூன்றாவது வரிசையில் நான்கு பிள்ளைகள் தலையோடு தலை சேர்த்துக் கிசுகிசுக்கிறார்கள். "என்ன அங்கே பேச்சு?" என்றேன். ஒருத்தி எழுந்தாள். முந்தைய இரவு ஒரு தொடரில் கதாநாயகியின் அக்கா கார் விபத்தில் இறந்துவிட்டாளாம். தொடரின் பெயர் வேண்டாம், நம் எல்லார் வீட்டிலும் ஓடியதுதான். "அவ சாகல மிஸ்" என்றாள்.

எனக்குக் கோபம். "நீ போய்ப் பார்த்தியா?" என்றேன். அவள் அதை உண்மையான கேள்வியாகவே எடுத்துக்கொண்டாள்.

"நான் பாக்கல மிஸ். யாருமே பாக்கல. அதனாலதான் சொல்றேன். உடம்பைக் காட்டவே இல்லையே மிஸ். கார் எரியறத மட்டும்தான் காட்டினாங்க. வளையலை வச்சுத்தான் அவங்க அம்மா அடையாளம் சொன்னாங்க. அந்த வளையலைப் போன வாரமே வேலைக்கார அக்காகிட்ட கழட்டிக் குடுத்துட்டா."

பக்கத்தில் இருந்தவள் விடவில்லை. "இல்ல மிஸ், இனிமே வரமாட்டா. அந்த நடிகை வேற சீரியலுக்குப் போயிட்டாங்களாம். எங்க அக்கா போன்ல பாத்துச்சு."

இருவரையும் உட்காரச் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அன்று மாலை வீட்டில் இடைத்தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். பத்தியைப் படித்து விடையளிக்கும் பகுதியில் கடைசி வினா, 'இதன் பிறகு என்ன நடந்திருக்கும்? காரணத்துடன் ஊகித்து எழுதுக' என்பது. வளையலைப் பற்றிச் சொன்ன அந்தப் பெண்ணின் தாளில் அந்த இடம் வெற்றாக இருந்தது. வகுப்பில் பாதிப்பேருக்கு மேல் அப்படித்தான். எழுதியவர்களும் பத்தியின் கடைசி வரியைத் திரும்ப எழுதியிருந்தார்கள்.

என் கையிலிருந்த சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு வாரத்துக்கு முன் போன வளையலை நினைவில் வைத்திருந்து, நேற்றுக் காட்டிய காட்சியோடு சேர்த்து, காட்டாமல் விட்டதிலிருந்து ஒரு முடிவுக்கு வருகிற பிள்ளைக்கு ஊகிக்கத் தெரியாது என்று நான் மதிப்பெண் பட்டியலில் எழுதப்போகிறேன்.

இந்த ஊகம் செய்கிற பழக்கம் நம் பிள்ளைகளோடு முடிகிற விஷயம் இல்லை. நமக்கும் இருந்தது. 1990களின் பிற்பகுதியில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய 'மர்மதேசம்' வந்த நாட்களை இங்கே பாதிப்பேராவது மறந்திருக்க மாட்டீர்கள். 'விடாது கருப்பு'வில் குதிரையில் வருவது தெய்வமா, மனிதனா? ஆசிரியர் பயிற்சி நிறுவன விடுதியில் நாங்கள் அதற்காகச் சண்டை போட்டிருக்கிறோம். வாரத்தில் ஒருநாள்தான் வரும். மீதி ஆறு நாளும் எங்களுடையது. அந்த ஆறு நாளில்தான் கதை எங்களுக்குள் நடந்தது. இப்போது எல்லாப் பகுதியையும் ஒரே இரவில் பார்த்து முடித்துவிடுகிறார்கள். நல்லதோ கெட்டதோ, காத்திருக்கும் நேரம் போனால் ஊகிக்கும் நேரமும் போய்விடுகிறது.

இதைப் பற்றி எனக்குச் சரியாக யோசிக்கக் கற்றுக்கொடுத்தது ஓர் ஆங்கிலத் தொடர். 2020 ஊரடங்கில் கல்லூரி மூடி வீட்டில் இருந்த என் மகள், மடிக்கணினியில் 'ஷெர்லாக்' தொடரைப் போட்டு என்னையும் பக்கத்தில் உட்கார வைத்தாள். ஆர்தர் கோனன் டாயிலின் ஷெர்லாக் ஹோம்ஸை இன்றைய லண்டனுக்குக் கொண்டுவந்து, ஸ்டீவன் மொஃபாட்டும் மார்க் கேட்டிஸும் பிபிசிக்காக உருவாக்கியது. பெனடிக்ட் கம்பர்பேட்ச் ஷெர்லாக்காகவும் மார்ட்டின் ஃப்ரீமன் டாக்டர் ஜான் வாட்சனாகவும் நடித்திருக்கிறார்கள்.

இரண்டாம் பருவத்தின் கடைசிப் பகுதி 2012 ஜனவரி 15 அன்று ஒளிபரப்பானது. அதில் ஷெர்லாக், லண்டன் செயின்ட் பார்தலோமியூ மருத்துவமனையின் மாடியிலிருந்து குதித்துவிடுகிறார். கீழே நின்று பார்ப்பவர் ஜான். ரத்தம் கிடக்கிறது, நாடி இல்லை, கல்லறையும் வந்துவிடுகிறது. ஆனால் கடைசிக் காட்சியில், கல்லறையில் அழும் ஜானைத் தூரத்திலிருந்து ஷெர்லாக் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அத்தோடு நிறுத்திவிட்டார்கள். அடுத்த பகுதி வந்தது 2014 ஜனவரி 1. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள்!

செத்தாரா பிழைத்தாரா என்பது கேள்வி இல்லை. பிழைத்ததைக் காட்டிவிட்டார்கள். எப்படிப் பிழைத்தார் என்பதுதான் கேள்வி. நான் இதை ஒரு நல்ல வினாத்தாள் வினா என்பேன். விடையின் ஒரு முனையைக் கொடுத்துவிட்டு நடுவைக் கேட்கிறது.

அந்த இரண்டு ஆண்டில் ரசிகர்கள் செய்ததைக் கேளுங்கள். அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். ஷெர்லாக் தொலைபேசியில் ஜானிடம், வந்த வழியே போய் அங்கேயே நில், அசையாதே என்று வற்புறுத்துகிறார். ஏன்? ஜான் நிற்கும் இடத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு தாழ்வான கட்டடம் இருக்கிறது. அப்படியானால் விழுந்ததை ஜான் பார்த்தார், தரையில் பட்டதைப் பார்க்கவில்லை. ஓடிவரும் ஜானை ஒரு மிதிவண்டிக்காரர் இடித்துத் தள்ளுகிறார். தற்செயலா, நேரம் கடத்தவா? ஓரமாக மூட்டைகள் ஏற்றிய ஒரு லாரி நிற்கிறது, பிறகு கிளம்பிப் போகிறது. அதற்கு முன் ஆய்வகக் காட்சியில் ஷெர்லாக் ஒரு ரப்பர் பந்தைத் தட்டி விளையாடிக்கொண்டிருக்கிறார். பந்தை அக்குளில் வைத்து அழுத்தினால் மணிக்கட்டில் நாடி நின்றதுபோல் ஆகுமே! முந்தைய இரவு, பிணவறையில் பணிபுரியும் மாலியிடம் போய் உதவி கேட்கிறார். பிணவறையில் இருப்பவரிடம் என்ன உதவி கேட்பார்கள்?

மகள் ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திக் காட்டினாள். நான் பார்த்தபோது இவற்றில் ஒன்றையும் கவனித்திருக்கவில்லை. பந்து எனக்குப் பந்தாகத்தான் தெரிந்தது.

இதற்கிடையில் மொஃபாட், எல்லோரும் ஒரு தடயத்தைத் தவறவிட்டுவிட்டார்கள், ஷெர்லாக் தன் இயல்புக்கு மாறாகச் செய்த ஒன்று அது, என்று பத்திரிகையிடம் சொல்லிவைத்தார். குறும்புக்காரர். அவ்வளவுதான், ரசிகர்கள் மறுபடி முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினார்கள். ஓர் ஆசிரியர் வேறென்ன கேட்பார்? 'பாடத்தை மறுபடி படி' என்று நாம் தொண்டை கிழியக் கத்தினாலும் படிக்காதவர்கள் இருக்கும் உலகத்தில், ஒரே காட்சியை நாற்பது முறை பார்த்தவர்கள் இவர்கள்.

2014இல் வந்த பகுதியில் ஒரு வேடிக்கை செய்திருந்தார்கள். ரசிகர்களின் ஊகங்களையே கதைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். கதையில் ஆண்டர்சன் என்றொரு தடயவியல் காவலர். முன்பு ஷெர்லாக்கை வெறுத்தவர், பிறகு குற்ற உணர்ச்சியால் ஒரு குழுவைத் தொடங்கி, அவர் எப்படித் தப்பியிருப்பார் என்று ஊகங்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார். இரண்டு பொய் விளக்கங்களை நமக்கு உண்மைபோலக் காட்டுகிறார்கள். மூன்றாவதை ஷெர்லாக்கே சொல்கிறார்: காற்றடைத்த மெத்தை, உதவிக்குத் தெருவோர நண்பர்கள், மாலி தேடித்தந்த உடல், அந்த ரப்பர் பந்து. அதாவது ரசிகர்கள் பலர் பலவற்றைச் சரியாகவே சொல்லியிருந்தார்கள். கேட்ட ஆண்டர்சனுக்கோ திருப்தி இல்லை. தான் வேறு மாதிரி செய்திருப்பேன் என்கிறார். அப்புறம், இவர் ஏன் என்னிடம் வந்து உண்மையைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. நமக்கும்தான்.

மகளுக்கு அந்தப் பகுதி பிடிக்கவில்லை. "எங்களையே கிண்டல் பண்ணிட்டாங்கம்மா" என்றாள். எனக்குப் பிடித்தது. விடை சொன்னதும் கேள்வி செத்துவிடாமல் பார்த்துக்கொண்டார்கள் என்று பட்டது.

இதற்கு முன்பும் இப்படி நடந்ததுண்டு. அமெரிக்காவின் 'டல்லஸ்' தொடரில் ஜே.ஆர். என்ற எண்ணெய்ப் பணக்காரர் சுடப்பட்டது 1980 மார்ச் 21. சுட்டது யார் என்று சொன்னது அதே ஆண்டு நவம்பர் 21. நடுவில் நடிகர்கள் வேலைநிறுத்தம் வந்து தாமதம் இன்னும் நீண்டது. இங்கிலாந்தில் பந்தயம்கூடக் கட்டினார்கள். விடை தெரிந்த இரவில் அமெரிக்காவில் மட்டும் 8 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்ததாகக் கணக்கு. சுட்டது அவர் மனைவியின் தங்கை. அந்தச் சமயம் ஜே.ஆராக நடித்த லேரி ஹேக்மன் சம்பளத்தை உயர்த்தச் சொல்லிப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். ஆகவே சிலர் கதையைப் பார்க்காமல் சம்பளப் பேச்சைப் பார்த்து ஜே.ஆர். பிழைப்பாரா என்று ஊகித்தார்கள். என் வகுப்பின் இரண்டாவது பெண் செய்ததும் இதுதானே! முதல் பெண் கதைக்குள் சான்று தேடினாள். இரண்டாமவள் கதைக்கு வெளியே, அதைத் தயாரிக்கும் இடத்தில் தேடினாள். இரண்டும் சான்றுதான். எது எந்தக் கேள்விக்குச் சான்று என்று பிரித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவே.

விடைத்தாள் திருத்திய மறுநாள் வகுப்பில் நான் கரும்பலகையை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பக்கம் 'என்ன பார்த்தாய்?', இன்னொரு பக்கம் 'என்ன நினைக்கிறாய்?' அந்தத் தொடரையே வைத்துத் தொடங்கலாம் என்று நினைத்தது தவறு. பாதி வகுப்பு பார்க்காதவர்கள். பார்த்தவர்கள் விஷம் வைக்கும் மாமியாரைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு பெற்றோர் தலைமை ஆசிரியரிடம் வந்து, பள்ளிக்கூடத்திலும் சீரியலா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதோடு தொடரை விட்டுவிட்டு ஷெர்லாக்கின் தாத்தாவிடம் போனேன்.

டாயில் ஹோம்ஸைக் கொன்ற கதை 1893 டிசம்பரில் வெளியானது. சுவிட்சர்லாந்தில் ஓர் அருவி. அதன் பக்கவாட்டில் ஒரு குறுகிய பாதை, முடிவில் பள்ளம், அப்பால் வழி இல்லை. வாட்சன் ஒரு பொய்க் கடிதத்தால் விடுதிக்கு அழைக்கப்பட்டுப் போய்த் திரும்பி வருகிறார். பாறையில் ஹோம்ஸின் ஊன்றுகோல் சாய்ந்து நிற்கிறது. ஈர மண்ணில் இரண்டு பேர் பள்ளத்தை நோக்கிப் போன காலடித் தடங்கள். திரும்பி வந்த தடம் ஒன்றுகூட இல்லை. இருவரும் விழுந்து இறந்தார்கள் என்று வாட்சன் முடிவுகட்டுகிறார். இந்த அளவில் கதையை வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் நிறுத்தினேன். "ஆனால் ஹோம்ஸ் சாகவில்லை. எப்படி?" என்று மட்டும் கேட்டு மணி அடிக்க விட்டேன்.

திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டம் முடிவதற்குள் மூன்று பேர் என்னை மடக்கிவிட்டார்கள். ஒருவன் அருவிக்குப் பின்னால் குகை என்றான். "கதையில் குகை வந்ததா?" என்று வகுப்பே கேட்டது. இன்னொருவன், படிப்பில் கடைசி என்று நான் குறித்து வைத்திருந்தவன், "செருப்பத் திருப்பி மாட்டிக்கிட்டு நடந்து வந்திருப்பாரு மிஸ். வந்த தடம் போன தடம் மாதிரித் தெரியும்" என்றான். வகுப்பு கைதட்டியது. நானும் தட்டப்போனேன். அப்போது ஒரு பெண் எழுந்து, "அப்படின்னா மூணு தடம் இருக்கணுமே மிஸ், ரெண்டுதானே இருந்துச்சு" என்றாள்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. ஏனென்றால் டாயில் 1903இல் ஹோம்ஸைத் திரும்பக் கொண்டுவந்தபோது இதையே ஹோம்ஸின் வாயால் சொல்ல வைத்திருக்கிறார். காலணியைத் திருப்பி மாட்டி நடக்கலாமா என்று யோசித்தாராம். ஒரே திசையில் மூன்று தடம் தெரிந்தால் சந்தேகம் வந்துவிடும் என்று விட்டுவிட்டாராம். பாறைச் சுவரில் ஏறித் தப்பினார் என்பதுதான் கதையின் விடை. என் ஏழாம் வகுப்பு அந்த விடையைச் சொல்லவில்லை. ஹோம்ஸ் யோசித்து ஒதுக்கியதை அவர்களும் யோசித்து ஒதுக்கினார்கள். நான் சரியான விடைக்கு மதிப்பெண் போட்டிருந்தால் அன்று எல்லாருக்கும் சுழியம்தான்.

இதுவரை நல்ல கதை. இனிச் சொல்லப்போவது வேறு.

அதே 'ஷெர்லாக்' தொடரின் நான்காம் பருவம் 2017 ஜனவரி 15 அன்று முடிந்தது. பருவத்துக்கு மூன்று பகுதிகள், எப்போதும் போல. ஆனால் ஒரு பிரிவு ரசிகர்களுக்கு அந்த முடிவு பொறுக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் தடயம் தடயமாகச் சேர்த்து அவர்கள் கட்டி வைத்திருந்த முடிவு வரவில்லை. ஆகவே, இது உண்மையான முடிவே இல்லை, ரகசியமாக நான்காவது பகுதி ஒன்று இருக்கிறது என்றார்கள். அடுத்த ஞாயிறு, ஜனவரி 22 அன்று, அதே பிபிசியில் 'ஆப்பிள் ட்ரீ யார்டு' என்ற புதிய தொடர் தொடங்க இருந்தது. அது வெறும் போர்வை, அந்த நேரத்தில் வரப்போவது ஷெர்லாக்தான் என்று நம்பினார்கள். அந்தத் தொடர் 2013இல் லூயிஸ் டவுட்டி எழுதி வெளிவந்த நாவலின் தழுவல். கடையில் விற்கும் புத்தகம். அது அவர்களை அசைக்கவில்லை. உருவாக்கியவர்கள் இல்லை என்றால், முன்பும் நம்மை ஏமாற்றியவர்கள்தானே, மறுப்பதே இருக்கிறது என்பதற்கு அடையாளம். கடைசிப் பகுதி நன்றாக இல்லையா? வேண்டுமென்றே நன்றாக இல்லாமல் எடுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தது. 'ஆப்பிள் ட்ரீ யார்டு'தான் ஓடியது.

2012இல் பந்தைக் கவனித்த அதே கூர்மை. அதே உழைப்பு. அப்போது ஒருவர் ஊகத்தை இன்னொருவர் உடைக்க முடிந்தது. ஜான் நின்ற இடத்திலிருந்து அது தெரியாதே என்று சொன்னால் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. 2017இல் எதைச் சொன்னாலும் ஊகத்துக்கு உரமாகவே போனது.

மகள் இதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். என்னால் சிரிக்க முடியவில்லை. 2015இல் என் வகுப்பில் நடந்தது நினைவுக்கு வந்துவிட்டது.

கல்விச் சுற்றுலாவுக்குக் கட்டுவதற்காக ஒரு மாணவி கொண்டுவந்த 300 ரூபாயைக் காணவில்லை. காலை வழிபாட்டுக் கூட்டத்தின்போது வகுப்பில் தனியாக இருந்தவன் ஒரு பையன். வயிற்றுவலி என்று படுத்திருந்தான். அன்று மாலை அவன் கடையில் பேனா வாங்கியதைப் பார்த்ததாக ஒருவன் சொன்னான். போதும், வகுப்பு முடிவுகட்டிவிட்டது. விசாரித்தபோது அவன் அழுதான். எடுத்தவன்தான் அழுவான் என்றார்கள். மறுநாள் அழாமல் நின்றான். பார் எவ்வளவு அழுத்தம் என்றார்கள். பையைச் சோதித்தோம், ஒன்றும் இல்லை. வீட்டில் ஒளித்து வைத்திருப்பான்.

'என்றார்கள்' என்று சொல்கிறேன். நானும்தான். அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "உண்மையைச் சொல்லிவிடு, ஒன்றும் செய்ய மாட்டேன்" என்று கனிவாகக் கேட்டேன். அந்தக் கனிவை நினைத்தால்தான் இப்போது எனக்கு அதிகம் வலிக்கிறது. 'நான் எடுக்கவில்லை' என்பதை உண்மையாக ஏற்க நான் தயாராக இல்லை. எடுத்தேன் என்ற ஒரு விடையைத் தவிர வேறு எதுவும் எனக்கு விடையாகப் பட்டிருக்காது. 

அடுத்த நான்கு நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் அந்த மாணவியே பணத்தைக் கொண்டுவந்தாள். வீட்டில் அட்லஸ் புத்தகத்துக்குள் இருந்திருக்கிறது. அன்று மாலை அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்தார். "டீச்சர் வந்திருக்காங்க, வாடா" என்றார். அவன் வெளியே வரவில்லை. மறுநாள் வந்தான். வகுப்பு முன்னால் மன்னிப்புக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். எட்டாம் வகுப்பு முடித்துப் போகும்வரை என் பாடவேளையில் அவன் ஒருமுறைகூடக் கை தூக்கவில்லை.

2022இல் கரும்பலகையில் இரண்டு பத்தி போட்டேன் என்றேனே, ஹோம்ஸ் கதை முடிந்த வாரம் மூன்றாவதைச் சேர்த்தேன். 'எதைப் பார்த்தால் இந்த எண்ணத்தை விட்டுவிடுவாய்?' ஊகம் சொல்கிறவர் இதையும் சொல்லியாக வேண்டும். 'எதைப் பார்த்தாலும் விடமாட்டேன்' என்பவரின் ஊகம் பலகைக்கு வராது. முதலில் பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை. தான் சொன்னதைத் தானே எப்படித் தோற்கடிப்பது என்று முழித்தார்கள். கதைகளில் பழக ஒரு மாதம் ஆயிற்று. கதையில் பழகுவதுதான் நல்லது. ஹோம்ஸ் செத்தால் யார் வீட்டிலும் அடுப்பு அணையாது. யாருடைய பையையும் சோதிக்க வேண்டியதில்லை.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள், எங்கள் பிள்ளைகளுக்கு இது எட்டுமா என்று கேட்பீர்கள். மூன்றாம் வகுப்பில் என் தோழி ஒருவர் செய்து பார்த்தார். படக்கதையின் கடைசிப் படத்தைத் தாளால் மறைத்துவிடுவார், அவ்வளவுதான். மூன்றாவது கேள்வியை அவர் 'எந்தப் படம் வந்தா நீ சொன்னது தப்பு?' என்று மாற்றிக்கொண்டார். என்னுடையதைவிட அது நல்ல வாக்கியம். வரலாறு நடத்துபவர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்த 1950களிலிருந்து தமிழ்நாடு பேசிக்கொண்டிருக்கிறது. கல்கி அதைத் தெளிவாகச் சொல்லாமலே விட்டார். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டோ, துரோகிகள் என்று சிலரைப் பெயர் சொல்லி, அவர்கள் நிலம் பறிமுதலானதைச் சொல்கிறது. நாவலில் வரும் சான்றையும் கல்லில் வெட்டிய சான்றையும் இரண்டு பத்தியாகப் போட்டுப் பாருங்கள். ஒரு பாடவேளை போதாது.

ஒரே ஒரு எச்சரிக்கை. சரியாக ஊகித்தவருக்குப் பரிசு கொடுக்காதீர்கள். நான் ஒருமுறை பேனா கொடுத்தேன். அடுத்த கதைக்கு நால்வர் இணையத்தில் முடிவைப் படித்துவிட்டு வந்து, ஊகித்ததாகச் சொன்னார்கள்.

அந்தத் தொடர் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அதையும் சொல்லிவிடுகிறேன். வளையல் பெண்ணையும் போன்காரப் பெண்ணையும் மூன்றாவது பத்தியை நிரப்பச் சொல்லியிருந்தேன். முதலாமவள், 'உடம்பை முகத்தோடு காட்டினால் விட்டுவிடுவேன்' என்று எழுதினாள். இரண்டாமவள், 'அக்கா உயிரோடு வந்தால் விட்டுவிடுவேன்' என்று எழுதினாள். ஆகஸ்டு கடைசியில் ஒருநாள் காலை இருவரும் வகுப்பு வாசலிலேயே எனக்காகக் காத்திருந்தார்கள். அக்கா வந்துவிட்டாளாம். ஆனால் வேறு முகமாம். திரையில் 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று போட்டார்களாம்.

"நான்தான் ஜெயிச்சேன் மிஸ், அவ சாகல" என்றாள் ஒருத்தி.

"அந்த நடிகை வரலையே மிஸ், நான் சொன்னதுதானே நடந்துச்சு" என்றாள் மற்றவள். பிறகு அவளே கொஞ்சம் யோசித்து, "ஆனா நான் எழுதினது அப்படி இல்ல" என்று தன் நோட்டைப் பிரித்து, தன் வரியை அடித்தாள்.